"அவங்களே கொளுத்திட்டு ஓடி வந்தவங்கள்" எண்டு அண்ணா குரூப்ல போடுறார், நான் என்ன செய்ய?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் திருகோணமலை டவுண்ல இருக்கிறன், வயசு 44, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். 2024 டிசம்பர்ல பர்மாவில இருந்து தப்பி ஓடின ரோஹிங்கியா முஸ்லிம் ஆக்கள் வந்த ட்ரோலரை நேவி எங்கட ஹாபருக்கு கொண்டு வந்த நேரம் நாங்க நாலஞ்சு டீச்சர்மார் சேர்ந்து பிள்ளையளுக்கு உடுப்பு, பால்மா, பிஸ்கட் எண்டு சேர்த்து குடுத்து விட்டனாங்கள். அதைக் கேள்விப்பட்ட நாள்ல இருந்து என்ட அண்ணா குடும்ப வட்ஸ்அப் குரூப்ல ஒரே வீடியோ. பர்மாவில ஒரு படுகொலையும் நடக்கேல்ல, அவங்களே வீட்டைக் கொளுத்திட்டு காசுக்கு நாடகம் போடுறாங்கள், எங்கட இந்து ஆக்களை வெட்டினவங்களுக்கு நீ பால்மா குடுக்கிறியா எண்டு கேக்கிறார். அப்பா செத்த பிறகு எங்களை வளர்த்து ஆளாக்கினது அண்ணா தான். 2006ல மார்க்கெட் குண்டு வெடிச்ச அண்டு அவற்ற கடையையும் கொளுத்தினவங்கள். மகள் ஏ.எல் படிக்கிறா, "மாமா சொல்றது உண்மையா அம்மா" எண்டு கேட்டா, எனக்கு வடிவா பதில் சொல்லத் தெரியேல்ல. இந்து ஆக்களை கொலை செய்தது எண்டுறதை நானே தேடிப் பார்த்தன், அது உண்மை மாதிரித்தான் கிடக்கு. அதுக்குப் பிறகு எனக்கே குழப்பமா இருக்கு. குரூப்பை விட்டு விலகவா?

பதில்:

தங்கச்சி, உங்களை அப்பிடிக் கூப்பிடலாம் தானே, நான் உங்களை விட நல்ல மூப்பு. உங்கட கடிதத்தில கடைசிக்கு முதல் வரி, அந்த குழப்பம் எண்ட வரி, அதில இருந்து தொடங்குறன். ஏனெண்டா அதை ஏதோ தப்பு செய்த பிள்ளை மாதிரி சின்னதா எழுதி வச்சிருக்கிறீங்க, ஆனா இந்தக் கதையில பிடிச்சுக்கொள்ள வேண்டிய இடம் அது தான்.

இந்து ஆக்களை கொண்டது உண்மை. 2017 ஆகஸ்ட் 25, பர்மா எண்டுற மியன்மார்ல ராக்கைன் மாநிலத்துக்கு வடக்கில, மங்டோ பக்கத்தில கா மாங் செய்க் எண்ட ஊர்ப்பக்கம், ஆர்சா எண்ட ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒரு இந்துக் கிராமத்துக்குள்ள போய் ஆம்பிளை பொம்பிளை பிள்ளையள் எண்டு 53 பேரை கொலை செய்ததா அம்னெஸ்டி இன்டர்நேஷனல் எண்ட மனித உரிமை அமைப்பு 2018 மே மாசம் அறிக்கை வெளியிட்டது. பக்கத்துக் கிராமத்தில அதே நாள் 46 பேர் காணாமப் போனவை, எல்லாமா 99 பேர் வரைக்கும் எண்டு அவங்கட கணக்கு. மதம் மாறுறம் எண்டு சொன்ன எட்டுப் பொம்பிளையளையும் அவையின்ட எட்டுப் பிள்ளையளையும் மட்டும் உயிரோட விட்டு பங்களாதேஷுக்கு கூட்டிக்கொண்டு போனவங்கள், அந்தப் பொம்பிளையளும் சாட்சி சொல்லியிருக்கினம். ஆர்சா என்ன சொன்னது தெரியுமா, நாங்க செய்யேல்ல எண்டது.

அதால அண்ணா இதைச் சொல்லேக்க "இல்லை, பொய்" எண்டு ஒரு நாளும் சொல்லாதீங்க. "ஓம் அண்ணா, அது நடந்தது, நானும் வாசிச்சனான், அந்தப் பிள்ளையளை நினைச்சு எனக்கும் நெஞ்சு எரியுது" எண்டு சொல்லுங்க, மனசாரச் சொல்லுங்க. நான் இதை ஒரு தந்திரமா சொல்லேல்ல. ரோஹிங்கியா ஆக்கள்ல இரக்கப்படுற நாங்க அந்த 99 பேரை மறைச்சா, நாங்க செய்யிறதும் அதே மறுப்பு வேலை தான்.

அதோட ஒண்டு கவனிங்க. அண்ணா பிடிச்சுக்கொண்டு நிக்கிற அந்த இந்துக் கொலைக் கதையை உலகத்துக்கு வடிவா விசாரிச்சு எழுதினது அம்னெஸ்டி. அதே அம்னெஸ்டி சரியா அடுத்த மாசம், 2018 ஜூன்ல, 2017 ஆகஸ்ட்ல இருந்து மியன்மார் ஆமி ரோஹிங்கியா ஆக்களைக் கொலை செய்து, ஊரைக் கொளுத்தி, துரத்தினதைப் பற்றி பெரிய அறிக்கை ஒண்டு போட்டு, ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங் உட்பட 13 பேரை பேர் சொல்லி குற்றம் சாட்டினது. சாட்சிகளைத் தேடிப்போய் கேக்கிறது, காயத்தைப் பார்க்கிறது, போட்டோவைச் சரிபார்க்கிறது எண்டு ரெண்டுக்கும் ஒரே மாதிரி வேலை தான் செய்திருக்கினம். மே மாசத்து அறிக்கையை நம்பி ஜூன் மாசத்து அறிக்கையை "காசு வாங்கின என்ஜிஓ" எண்டு தள்ளுறதுக்கு என்ன காரணம் எண்டு அண்ணாட்ட மெதுவா கேக்கலாம். சண்டைக்கு இல்லை, உண்மையிலயே அவர் என்ன சொல்லுவார் எண்டு அறியிறதுக்கு கேளுங்க.

அடுத்தது அந்த "அவங்களே கொளுத்தினது" எண்ட கதை. இது எங்க இருந்து வந்தது எண்டு மகளுக்கு கட்டாயம் சொல்லுங்க, ஏனெண்டா இதிலயும் இந்து ஆக்கள் இருக்கினம், அண்ணாவுக்குத் தெரியாத விதத்தில. 2017 செப்டம்பர்ல மியன்மார் அரசாங்கம் வெளிநாட்டு பத்திரிகைக்காரரை மங்டோவுக்கு தாங்களே கூட்டிக்கொண்டு போய் காட்டினது. அங்க ஒரு விகாரையில, முஸ்லிம் ஆக்கள் தங்கட வீட்டுக்கு தாங்களே நெருப்பு வைக்கிற போட்டோ எண்டு சிலதை குடுத்தவை. ஒரு மனிசி தலையில மேசை விரிப்பு மாதிரி துணியைப் போட்டுக்கொண்டு நிக்கிறா, ஒரு ஆள் கூரைக்கு நெருப்பு வைக்கிறார். அது நாடகம் எண்டு பத்திரிகைக்காரருக்கு விளங்கிட்டுது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில தங்கியிருந்த இந்து ஆக்களை அதே பயணத்தில அவை சந்திச்சிருந்தவை, போட்டோவில இருந்த மனிசியும் அந்த ஆளும் அந்தப் பள்ளிக்கூடத்தில இருந்தவை. வீடு வாசல் இல்லாம நிண்ட இந்து ஆக்களுக்கு முஸ்லிம் வேஷம் போட்டு படம் பிடிச்சிருக்கிறாங்கள். "எங்கட இந்து ஆக்கள்" எண்டு கலங்குற அண்ணா, அந்த ஆக்களை இப்பிடி பாவிச்சவங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா.

கிராமம் எரிஞ்ச கணக்கு சட்டலைட் படத்தில இருக்கு. ஐ.நா.வின்ட உண்மை கண்டறியும் குழு 2018ல சொன்ன கணக்குப்படி ஆகக் குறைஞ்சது 392 கிராமங்கள் பாதியோ முழுசாவோ அழிஞ்சது. மேல இருந்து பார்க்கேக்க ரோஹிங்கியா குடியிருப்பு கரிக்கட்டையா கிடக்குது, பக்கத்தில ராக்கைன் பௌத்தக் கிராமம் பச்சை மரமும் கூரையுமா அப்பிடியே நிக்குது. ஆக்கள் தாங்களே பைத்தியம் பிடிச்சு கொளுத்தினா நெருப்பு இப்பிடி ஆள் பார்த்து போகாது. எரிஞ்ச பிறகு புல்டோசர் போட்டு மட்டமாக்கின கிராமங்களும் கனக்க, 2018 தொடக்கத்திலயே ஆகக் குறைஞ்சது 55 எண்டு ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் சொன்னது. வீடு இருந்த இடமே தெரியக்கூடாது எண்டு மண்ணைத் தள்ளி மூடினா, நாளைக்கு திரும்பி வாறவன் எதைக் காட்டி இது என்ட வளவு எண்டு சொல்றது?

செத்த ஆக்கள்ட கணக்கும் இருக்கு. எம்.எஸ்.எஃப் எண்ட எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின்ட டாக்டர்மார் பங்களாதேஷ் முகாம்கள்ல குடும்பம் குடும்பமா கேட்டு எடுத்த கணிப்புப்படி, ஆகஸ்ட் 25ல இருந்து முதல் ஒரு மாசத்துக்குள்ள மட்டும் ஆகக் குறைஞ்சது 6,700 பேர் வன்முறையில செத்தவை, அதில அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளையள் ஆகக் குறைஞ்சது 730. பங்களாதேஷுக்கு ஓடினது ஏழு லட்சத்துக்கு மேல.

"நடக்கேல்ல" எண்டு சொல்றது ஆமியின்ட வாயில இருந்தே எப்பிடி மாறினது எண்டும் பாருங்க. 2017 நவம்பர்ல ஆமி தன்ட சொந்த விசாரணையை முடிச்சு, அப்பாவி ஒருத்தரையும் சுடேல்ல, ஒரு பொம்பிளையையும் கெடுக்கேல்ல, ஒரு வீட்டையும் கொளுத்தேல்ல எண்டு அறிக்கை விட்டது. ரெண்டு மாசம் போகேல்ல, 2018 ஜனவரியில, இன் டின் எண்ட கிராமத்தில பிடிச்சு வச்சிருந்த 10 பேரை எங்கட சிப்பாய்மார் கொலை செய்து புதைச்சது உண்மை தான் எண்டு அவங்களே ஒத்துக்கொண்டவங்கள். ஏன் ஒத்துக்கொண்டவங்கள் எண்டா ரொய்ட்டர்ஸ் நிருபர்மார் ரெண்டு பேர், வா லோன், கியாவ் சோ ஊ, ரெண்டு பேரும் மியன்மார் நாட்டுக்காரர், அந்தப் பத்துப் பேரும் முழங்கால்ல இருக்கிற போட்டோவை கண்டுபிடிச்சிட்டினம். அந்தப் போட்டோவைக் குடுத்தது ஒரு பௌத்தர், அந்த ஊர்ப் பெரியவர். இதை அண்ணாவுக்கு சொல்லுங்க, முஸ்லிம் சொன்ன கதை இல்லை, வெள்ளைக்காரன் கட்டின கதை இல்லை, அதே ஊர் பௌத்தர் இப்பிடி இனி நடக்கக் கூடாது எண்டு குடுத்த படம். நிருபர்மாருக்கு ஏழு வருஷ ஜெயில் தீர்ப்பு, 500 நாளுக்கு மேல உள்ளுக்க இருந்து 2019 மேயில தான் வெளிய வந்தவை. கொலை செய்த சிப்பாய்மார் ஏழு பேருக்கு பத்து வருஷம் எண்டு தீர்ப்பு, ஒரு வருஷம் முடிய முதல் விட்டாச்சு. கொலை செய்தவனை விட கொலையை எழுதினவன் கூட நாள் உள்ளுக்க இருந்தவன். இதை எழுதேக்க எனக்கு கை நடுங்குது.

ஆமி போட்ட ஒரு புத்தகமும் இருக்கு, 2018 ஜூலையில வந்தது. அதில "வங்காளிகள் எங்கட ஆக்களை வெட்டினது" எண்டு ஒரு போட்டோ, பார்த்தா அது 1971 பங்களாதேஷ் போர்ல எடுத்தது. "வங்காளிகள் நாட்டுக்குள்ள நுழையிறாங்கள்" எண்டு இன்னொண்டு, அது 1996ல ருவாண்டா அகதிகள் நடந்து போற கலர் போட்டோ, பழசு மாதிரி தெரிய கறுப்பு வெள்ளையாக்கி போட்டிருந்தது. பிடிபட்ட பிறகு செப்டம்பர்ல ஆமி மன்னிப்பு கேட்டது. அண்ணா அனுப்புற வீடியோக்களையும் ஒரு தரம் இந்தக் கண்ணோட பாருங்க, படம் எங்க எடுத்தது, எந்த வருஷம், ஆர் முதல்ல போட்டது எண்டு. மகளையும் பக்கத்தில வச்சுக்கொண்டு செய்யுங்க, இந்த வயசுப் பிள்ளையளுக்கு போன்ல தேடுற விளையாட்டு எங்களை விட கெதியா வரும்.

"ரோஹிங்கியா எண்டு ஒரு ஜாதியே இல்லை, எல்லாம் வங்காளி" எண்டும் அண்ணா சொல்லுவார், சொல்லாட்டியும் அந்த வீடியோ சொல்லும். 1799லயே பிரான்சிஸ் புக்கானன் எண்ட ஸ்கொட்லாந்து வைத்தியர் அரக்கான்ல, இப்ப ராக்கைன் எண்டுற இடத்தில, இருக்கிற முஸ்லிம் ஆக்கள் தங்களை "ரூயிங்கா" எண்டு சொல்லுகினம் எண்டு எழுதி வச்சிருக்கிறார். 1960களின்ட தொடக்கத்தில பர்மா அரசாங்க ரேடியோவே ரோஹிங்கியா மொழியில நிகழ்ச்சி நடத்தினது. 1982ல குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்து தான் இவையை நாடில்லாத ஆக்களாக்கினது. இந்த நாட்டில 1948ல ஒரு சட்டத்தைக் கொண்டு வந்து, தேயிலைத் தோட்டத்தில தலைமுறை தலைமுறையா முறிஞ்ச எங்கட மலையக சனத்தை ஒரே நாள்ல அந்நியராக்கினதை படிச்ச எங்களுக்கு இதை விளங்கிறது கஷ்டமா தங்கச்சி? நீங்க டீச்சர், மகளுக்கு ரெண்டு சட்டத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டலாம்.

ஐ.நா குழு எண்டா வெள்ளைக்காரன் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. அந்தக் குழுவில மூண்டு பேர். தலைவர் இந்தோனேசியாக்காரர், ஒருத்தர் அவுஸ்திரேலியர், மற்றது ராதிகா குமாரசுவாமி, எங்கட நாட்டுத் தமிழ்ப் பொம்பிளை.

இனி எங்கட ஊருக்கு வாறன்.

2006 ஜனவரி 2, கடற்கரையில காந்தி சிலைக்கு பக்கத்தில கதைச்சுக்கொண்டிருந்த அஞ்சு பெடியளை கொலை செய்தது. நான் அப்ப இந்த டவுண்ல தான் வேலை, புது வருஷம் பிறந்து ரெண்டாம் நாள், அந்தக் கிழமை முழுக்க ஊர் மூச்சு விடாம கிடந்ததை உங்கட அண்ணாவும் மறந்திருக்க மாட்டார். படை சொன்ன முதல் கதை என்ன? பெடியள் கொண்டு போன கைக்குண்டு வெடிச்சு அவங்களே செத்தவங்கள். அந்தக் கதை அப்பிடியே சரித்திரமா போயிருக்கும். சுப்பிரமணியம் சுகிர்தராஜன், சுடர் ஒளி நிருபர், பிணவறைக்குள்ள போய் படம் எடுத்தார், தலையில துவக்குச் சூடு விழுந்த காயம் வடிவா தெரியிற படம். படம் வெளிய வந்த பிறகு குண்டுக் கதை நிக்கேல்ல. அதே மாசம் 24ம் திகதி காலமை வேலைக்குப் போக நிண்ட இடத்தில அவரைச் சுட்டுக் கொண்டவங்கள். 2019 ஜூலையில வழக்கில இருந்த 13 பேரையும் சாட்சி போதாது எண்டு இஞ்ச கோர்ட் விடுதலை செய்தது.

"அவங்களே குண்டை வெடிக்க வச்சவங்கள்." "அவங்களே வீட்டைக் கொளுத்தினவங்கள்." இந்த ரெண்டு வசனமும் ஒரே அச்சில வார்த்தது. இதை இந்த ஊர்ல எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

ஆனா தங்கச்சி, இப்ப நான் சொல்லப் போறதை கவனமா கேளுங்க. இந்த ஒற்றுமையை தூக்கிக்கொண்டு போய் அண்ணாட முகத்தில எறியாதீங்க. குறிப்பா அவற்ற கடை விஷயத்தை. "உங்கட கடையையும் நீங்களே கொளுத்தினது எண்டு சொன்னா எப்பிடி இருக்கும்" எண்டு கேக்க நாக்கு துடிக்கும், எனக்கே துடிக்குது, ஆனா கேட்டா அவர் அண்டோட கதவைச் சாத்திடுவார். இருபது வருஷமா என்னட்ட வந்து கதைச்ச ஆக்கள்ல இதை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறன். சொந்தக் காயத்தை வாதத்துக்கு ஆயுதமாக்கினா காயம் பட்ட ஆள் வாதத்தை கேக்கிறேல்ல, காயத்தைத் தான் பொத்திக்கொள்ளும்.

அண்ணா ஏன் இப்பிடி சொல்றார் எண்டு நான் அவரைப் பார்க்காம சொல்ல ஏலாது, ஆனா இவரை மாதிரி கன பேரோட இருந்திருக்கிறன். கடை எரிஞ்ச மனிசன், நட்டஈடு எண்டு எதுவும் ஒழுங்கா கிடைச்சிருக்காது, ஆரும் வந்து "உங்களுக்கு நடந்தது அநியாயம்" எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டினம். பதினெட்டு வருஷத்துக்கு மேல கழிச்சு எங்கயோ இருந்து ஒரு கப்பல் வருது, ஊரே ஓடுது, தன்ட கையால வளர்த்த தங்கச்சியே பால்மாவோட ஓடுறா. என்ட நெருப்பை அணைக்க ஒருத்தரும் வரேல்லயே எண்ட நினைப்பு அவருக்குள்ள எழும்பியிருக்கும், ஆனா 58, 60 வயசு ஆம்பிளை அதை அப்பிடிச் சொல்ல மாட்டார், வீடியோ தான் அனுப்புவார். அதோட 2019 உயிர்த்த ஞாயிறு அண்டு முஸ்லிம் தீவிரவாதிகள் வெடிக்க வச்ச குண்டுகள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில செத்த பிள்ளையளைப் பார்த்த பிறகு கிழக்கில கன வீடுகள்ல ஒரு பயம் குடி வந்திட்டுது, அந்தப் பயத்துக்கு முஸ்லிம் எண்டா எல்லாரும் ஒரே முகம். பயத்தை நான் குறைச்சுக் கதைக்கேல்ல, அது நிசம். ஆனா கடல்ல தண்ணி இல்லாம கிடந்து வந்த ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் அந்தக் குண்டுக்கும் என்ன தொடர்பு?

மறுப்பில கன விதம் இருக்கு. முதல்ல "நடக்கேல்ல" எண்டுவினம். ஆதாரம் வந்தா "நடந்தது, ஆனா அது படுகொலை இல்லை, பயங்கரவாதியைத் தேடினது" எண்டுவினம். அதுவும் நிக்காட்டி "நடந்தா தான் என்ன, எங்களுக்கென்ன" எண்டுவினம். சமாதானத்துக்கு நோபல் பரிசு எடுத்த மியன்மார் தலைவி ஆங் சான் சூ சி 2019 டிசம்பர்ல ஹேக்ல உள்ள சர்வதேச நீதிமன்றத்தில நிண்டு, மியன்மார் இனப்படுகொலை செய்தது எண்டு காம்பியா நாடு போட்ட வழக்கு முழுசில்லாத, பிழையா வழிகாட்டுற படத்தைக் காட்டுது எண்டு வாதாடினது ரெண்டாவது விதம். அடுத்த மாசமே, 2020 ஜனவரி 23, அந்த நீதிமன்றம் ரோஹிங்கியா ஆக்களைப் பாதுகாக்க மியன்மாருக்கு இடைக்கால கட்டளை போட்டது. அண்ணா இப்ப எந்த விதத்தில நிக்கிறார் எண்டு பாருங்க. நீங்க எழுதினதைப் பார்த்தா வீடியோ முதலாவதைச் சொல்லுது, அவற்ற மனசு மூண்டாவதில நிக்குது. அப்பிடியெண்டா சட்டலைட் படத்தைக் காட்டி அவரை மாத்த ஏலாது. அந்தத் தகவல் எல்லாம் மகளுக்கும் உங்களுக்கும் தான்.

இன்னொண்டையும் எழுதாம விட்டா நான் நேர்மையா பதில் சொன்னதாகாது. நாங்களும் மறுத்திருக்கிறம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில ரெண்டு பள்ளிவாசல்ல இரவுத் தொழுகையில நிண்ட ஆம்பிளையளையும் பிள்ளையளையும் நூறுக்கு மேல சுட்டுக் கொண்டது. புலிகள் தாங்க செய்யேல்ல எண்டவை. நான் அப்ப இளம் பிள்ளை, எங்கட வீட்டில, எங்கட ஒழுங்கையில, "அது அரசாங்கம் செய்துபோட்டு எங்கட தலையில போடுது" எண்டு தான் கதைச்சவை, நானும் அப்பிடித்தான் கன வருஷம் நம்பினனான். நம்பினது லேசா இருந்தது எண்டதால நம்பினனான். 2006 ஆகஸ்ட்ல மூதூர் சண்டைக்குள்ள இருந்து கந்தளாய்க்கு ஓடி வந்த முஸ்லிம் சனத்தோட வேலை செய்யேக்க, காத்தான்குடியில கட்டிக்குடுத்து, அந்தப் பள்ளிவாசல்ல புருஷனையும் மகனையும் பறிகுடுத்த ஒரு உம்மா எனக்கு முன்னால இருந்து சொன்ன அண்டு தான் என்ட பொய் எனக்கு விளங்கினது. அவ கோபிக்கேல்ல. "நீங்களும் அது நடக்கேல்ல எண்டு நினைச்சீங்களா மகள்" எண்டு மட்டும் கேட்டா.

காத்தான்குடியைச் சொன்னா உடன வீரமுனை எண்டுவினம். ஓம், அதே மாசம் 12ம் திகதி வீரமுனைக் கோயில்ல எங்கட சனத்தைக் கொண்டது, அதுவும் நடந்தது. வீரமுனை காத்தான்குடியை அழிக்காது, காத்தான்குடி வீரமுனையை அழிக்காது. கா மாங் செய்க்கும் இன் டின்னும் அப்பிடித்தான்.

சரி, என்ன செய்யிறது. குரூப்ல பதில் எழுதாதீங்க. முப்பது சொந்தக்காரர் பார்க்க தங்கச்சி திருத்தினா எந்த அண்ணாவும் இறங்கி வர மாட்டார், லண்டன் மச்சானும் கனடா சித்தப்பாவும் கை தட்டினா இன்னும் ஏறுவார். நேர போங்க. ஒரு பின்னேரம், அண்ணி தேத்தண்ணி வைக்கிற நேரம், மகளைக் கூட்டிக்கொண்டு போகாம தனியா போங்க. போய் பர்மா கதையை எடுக்க வேண்டாம். 2006 ஏப்ரல் 12, கடை எரிஞ்ச அண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேளுங்க. எனக்கு என்னவோ நீங்க அதை அவரிட்ட முழுசா கேட்டதே இல்லை எண்டு தான் படுது, கடை எரிஞ்சது எண்டு ஒரே வசனத்தில எழுதியிருக்கிறீங்க. எத்தினை மணிக்கு தெரிஞ்சது, ஆர் சொன்னது, உள்ளுக்க என்ன சாமான் இருந்தது, அண்டு ராத்திரி எங்க படுத்தவர். அவர் சொல்ல விடுங்க, இடையில பாடம் படிப்பிக்க வேண்டாம், டீச்சர்மாருக்கு அது கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். ஒரு தரம் போதாது, ரெண்டு மூண்டு தரம் போக வேண்டி வரலாம்.

அவர் அதைக் கதைச்சு முடிஞ்ச ஒரு நாள், அவர் கேட்டா, அந்த நாள் நீங்க ஏன் பால்மா குடுத்தீங்க எண்டு சொல்லுங்க. முல்லைத்தீவு கடல்ல, முள்ளிவாய்க்காலுக்கு நேர, மீன்பிடிக்காரர் கண்ட வள்ளம் அது, நூறுக்கு மேல ஆக்கள், அதில எத்தினை பிள்ளையள். அந்த இடத்தின்ட பேரைக் கேட்ட தமிழ் ஆள் ஒருத்தரும் சும்மா இருக்க ஏலாது எண்டு சொல்லுங்க. அப்ப இன்னொண்டும் சொல்லலாம், 2017 செப்டம்பர்ல கல்கிசையில 31 ரோஹிங்கியா அகதிகள், பாதிக்கு மேல பிள்ளையள், ஐ.நா பாதுகாப்பில இருந்த வீட்டை பிக்குமார் முன்னுக்கு நிண்ட ஒரு கூட்டம் வந்து உடைச்சு, "பயங்கரவாதி" எண்டு கத்தினது. அண்ணாவுக்கு அந்தக் கூட்டம் தெரியும். அவற்ற கடைக்கு வந்த கூட்டத்தை மாதிரித்தான் இருந்திருக்கும். இதை நீங்க சொல்லத் தேவையில்லை, கல்கிசையை மட்டும் சொல்லிட்டு விடுங்க, மிச்சத்தை அவர் தானா நினைப்பார்.

ஒரு விஷயத்தில மட்டும் கண்டிப்பா இருங்க. மனசில என்ன நம்பினாலும் அது அவற்ற பாடு, ஆனா ஊர்ல பதற்றம் இருக்கிற நாள்ல அப்பிடி வீடியோவை அனுப்பக் கூடாது எண்டு கேளுங்க, தங்கச்சியா கேளுங்க. 2018ல அம்பாறையில சாப்பாட்டுக் கடையில மலட்டு மாத்திரை போட்டது எண்டு ஒரு கதை பரவி கடையும் பள்ளிவாசலும் உடைஞ்சது, பிறகு பரிசோதிச்சுப் பார்த்தா அது மாக் கட்டி. மியன்மார்லயும் பேஸ்புக்கால தான் இந்த விஷம் பரவினது, 2018ல பேஸ்புக்கே தாங்க போதியளவு தடுக்கேல்ல எண்டு ஒத்துக்கொண்டது. கடை எரிஞ்ச மனிசனுக்கு வதந்தியால கடை எரியிறது எப்பிடி எண்டு விளங்கும்.

மகளுக்கு வாறன். "மாமா சொல்றது உண்மையா" எண்டு கேட்ட பிள்ளைக்கு "இல்லை" எண்டு ஒரு சொல்லில முடிக்காதீங்க. மாமா சொல்றதில இந்து ஆக்கள்ட சாவு உண்மை, மற்றது உண்மை இல்லை, எப்பிடித் தெரியும் எண்டு பார்ப்பம் வா எண்டு சொல்லி ரெண்டு பேரும் இருந்து தேடுங்க. மாமா பொய்யன் எண்ட எண்ணம் மட்டும் அவளுக்கு வர விடாதீங்க. மாமாட்ட போய் கடை எரிஞ்ச கதையை அவளையும் ஒரு நாள் கேட்கச் சொல்லுங்க, ஏ.எல் பிள்ளைக்கு அது எந்தப் பாடப் புத்தகத்திலயும் கிடைக்காது. அந்த அஞ்சு பெடியளைப் பற்றியும் சொல்லுங்க. அவள் காந்தி சிலைக்கு பக்கத்தால தானே டியூஷனுக்குப் போறவள்?

குரூப்பை விட்டு விலக வேண்டாம். விலகினா அண்ணாவை விட்டு விலகினதா தான் சொந்தக்காரர் கதைப்பினம், அவரும் அப்பிடித்தான் எடுப்பார். சத்தத்தை நிப்பாட்டி வையுங்க, ராத்திரியில திறக்காதீங்க, வீடியோ வந்தா பார்க்காம அழிக்கலாம், அது கோழைத்தனம் இல்லை. நித்திரை குறையுது, நெஞ்சு படபடக்குது எண்டு இருந்தா கிழமைக்குள்ள ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாங்க. நீங்க அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்ல, ஆனா கடிதத்தில நேரம் போட்டிருக்கிறீங்க, விடியப்புறம் 2.40.

அந்தச் சனத்தை பிறகு முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்கு கொண்டு போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க குடுத்த உடுப்பும் அதோட போயிருக்கும்.